ஊழியம் என்றொரு சொல்: மிஷன் ஆஸ்பத்திரியும் செவிலியர் உழைப்பும்

1

'ஊழியம்' என்கிற சொல் தமிழில் மூன்று இடங்களில் புழங்குகிறது. பழைய திருவிதாங்கூரின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு அது கூலியில்லாத கட்டாய வேலை. நாடார், பறையர், புலையர், ஈழவர் முதலான சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் விறகு சுமக்கணும், புல் அறுத்துக் கொடுக்கணும், அதிகாரிகளின் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் எல்லை வரைக்கும் நடக்கணும். சம்பளம் கிடையாது, மறுத்தால் அடி உண்டு. இரண்டாவது, புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் புழங்கும் ஊழியம். கடவுளின் பெயரால் செய்கிற எல்லா வேலையும் அங்கே ஊழியம்தான். 'நல்ல வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வந்துட்டார்' என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாவது, 'அரசு ஊழியர்', 'வங்கி ஊழியர்' என்னும்போது வருவது. சம்பளப் பட்டியல், பஞ்சப்படி, சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் இந்த மூன்றாம் ஊழியத்தோடு ஒட்டிக்கொண்டவை.

தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன்காரர்கள் முதல் வகை ஊழியத்தை எதிர்த்து மல்லுக்கட்டினார்கள். ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான அடித்தள மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வாங்கித் தந்தார். அப்படி விலக்கு பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் உட்கார்ந்தால், அங்கே பிரசங்கத்தில் காதில் விழுந்ததும் அதே சொல். அடிமை வேலையின் பெயரையே ஆண்டவர் வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். இது மொழிபெயர்ப்பின் தற்செயல் என்று சொல்லி விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு உருவம் நம் வரலாற்றில் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் அது. அவள் எந்த ஊழியத்தைச் சேர்ந்தவள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மிஷன் மருத்துவத்தைப் பற்றி நம்மிடம் ஏற்கெனவே இரண்டு கதையாடல்கள் தயாராக இருக்கின்றன. நூற்றாண்டு விழா மலர்கள் சொல்வது ஒன்று: தியாகம், அன்பு, விளக்கேந்திய தேவதை. அரசியல் மேடைகள் சொல்வது இன்னொன்று: வலதுசாரிக்கு அது மதமாற்றத் தூண்டில், நம் பக்கத்துத் தோழர்கள் பலருக்கு அது காலனியத்தின் கருவி. இரண்டிலும் டாக்டர் இருக்கிறார், மிஷனரி இருக்கிறார், நோயாளியும் இருக்கிறார். சீழைத் துடைத்த கை யாருடையது, அதற்கு மாசம் எவ்வளவு கொடுத்தார்கள் என்கிற பேச்சு மட்டும் இரண்டிலும் இல்லை.

2

வேலூரின் தோற்றக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1890களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிமாரும் பிரசவ வலியில் கிடந்தார்கள். ஆண் டாக்டரான அவருடைய அப்பா வருவதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதன் பிறகே ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்புகிறார். 1902-இல் வேலூரில் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்படுகிறது.

இந்தக் கதை பெண் டாக்டர் இல்லாததைப் பற்றியது. ஆனால் அந்த மூன்று வீடுகளிலும் அந்த நேரத்தில் பிரசவம் பார்க்க யாரும் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அன்றைய தமிழ்க் கிராமத்தில் பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. நாவிதர் தொழில் செய்த மருத்துவர் சாதியின் பெண். தலைமுறை தலைமுறையாகக் கையால் கற்ற வித்தை அவளுடையது. பேறுகால ரத்தம் தீட்டு, ஆகவே அதைத் தொடுகிற கையும் தீட்டு என்று சாதி சொல்லி வைத்திருந்தது. குழந்தை பிறக்கும் வரை அவள் வேண்டும், பிறந்தபின் அவள் தொட்ட இடத்தையெல்லாம் கழுவ வேண்டும். கூலியாகக் கொஞ்சம் நெல், ஒரு பழம்புடவை. மிஷன் எழுத்துகளில் இந்த மருத்துவச்சி தலைகாட்டினால் பெரும்பாலும் அறியாமையின், அழுக்கின் உருவமாகத்தான் தலைகாட்டுகிறாள். ஐரோப்பிய மருத்துவத்தின் சுத்தம் பற்றிய சொல்லாடலும் சாதியின் தீட்டு பற்றிய சொல்லாடலும் அவள் விஷயத்தில் மட்டும் கைகுலுக்கிக்கொண்டன. கிருமி பற்றிய அறிவு உயிர்களைக் காத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவளைப் படிக்க வைத்து உள்ளே கொண்டுவருவதைவிட வெளியே நிறுத்துவதே பெரும்பாலும் நடந்தது.

வெளியே நிறுத்தப்பட்டவளின் இடத்தில் யாரை உட்கார வைப்பது? 1909-இல் டீலியா ஹூட்டன் வேலூரில் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். மேல்சாதி வீட்டுப் பெண்கள் வரவில்லை. அந்நிய ஆணின் உடலைத் தொடுவது, மலசலம் எடுப்பது, ராத்திரி வேலை, வீட்டுக்கு வெளியே தங்குவது எல்லாமே அவர்களுடைய குடும்ப மானத்துக்கு எதிரானவை. தென்னிந்திய மிஷன் ஆஸ்பத்திரிகளில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள். அவர்களிலும் அடித்தளச் சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பத்துப் பிள்ளைகள், மிஷன் போர்டிங் பள்ளியில் வளர்ந்தவர்கள், அனாதைகள், விதவைகள் கணிசம். மீரா ஆபிரகாம் 1996-இல் வெளியிட்ட, மிஷனரிகளையும் தென்னிந்திய நர்ஸிங்கையும் பற்றிய தன் நூலுக்கு மதம், சாதி, பாலினம் என்றே தலைப்பிட்டிருக்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் நர்ஸின் வரலாற்றை எழுதவே முடியாது.

ஆக, நடந்தது ஒரு வகையில் ஆள்மாற்றம். தீட்டு வேலையைச் செய்ய முன்பு ஒரு சாதி இருந்தது; பிறகு ஒரு சபை வந்தது. வித்தியாசம் என்னவென்றால், சாதி அந்த வேலையை இழிவு என்றது. சபை அதே வேலையைப் புனிதம் என்றது. இது சின்ன வித்தியாசம் இல்லை. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் மகள், வெள்ளைச் சேலை கட்டி, மேல்சாதிக்காரரின் புண்ணைத் தொட்டுக் கட்டுப்போட்டாள். அவரும் 'அம்மா' என்று கூப்பிட்டார். அவளுக்கு எழுத்தறிவு வந்தது, கையில் காசு வந்தது, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு காரணமும் கிடைத்தது. சமூக சீர்திருத்தக் கூட்டங்கள் நூறு போட்டும் நடக்காத ஒன்று ஒரு வார்டுக்குள் தினமும் நடந்தது.

ஆனால் தீட்டு ஒழிந்ததா? அது படியிறங்கிப் போனது. வெள்ளைக்கார மேட்ரன், அவருக்குக் கீழே இந்திய நர்ஸ், அவளுக்குக் கீழே ஆயா, எல்லோருக்கும் கீழே துப்புரவாள். நர்ஸின் வேலை 'தொழில்' என்று மரியாதை பெறப்பெற, பெட்பானும் ரத்தத் துணியும் அடுத்த படிக்குக் கைமாறின. இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தப் படிக்கட்டைப் பார்க்கலாம். கடைசிப் படியில் நிற்கிறவர் என்ன சாதி என்று விசாரித்தால் விடை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

3

புனிதமாக்குவதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை எங்கே நிர்ணயிக்கப்பட்டது என்று பார்க்க ஜெர்மனிக்குப் போகவேண்டும். 1836-இல் ரைன் நதிக்கரைக் கைசர்ஸ்வெர்த்தில் தியோடர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஃப்ரீடரிக்கேயும் 'டீக்கனஸ்' இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். கல்யாணமாகாத பெண்கள் அங்கே நர்ஸ் பயிற்சி பெற்றார்கள். சாப்பாடு, உடை, கைச்செலவுக்குச் சிறு தொகை, வயதான காலத்தில் அடைக்கலம் எல்லாம் உண்டு. சம்பளம் என்று தனியாக இல்லை. தாய்வீடு எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1850-இலும் 1851-இலும் அங்கே போய்த் தங்கிப் பார்த்தார். நவீன நர்ஸிங்கின் ஒரு வேர் இந்த இல்லத்தில் இருக்கிறது.

டீக்கனஸ் என்ற பெயருக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறவள் ரோமர் நிருபத்தில் வரும் பெபேயாள். நம்ம பழைய தமிழ் வேதாகமத்தில் அவளுக்கு இரண்டு பட்டங்கள் சேர்ந்தே வருகின்றன: ஊழியக்காரி, சகோதரி. இரண்டாவது பட்டம் ஆங்கிலத்தின் வழியாக 'சிஸ்டர்' ஆகி, இன்றைக்கு எந்த மதத்து நோயாளியும் எந்த மதத்து நர்ஸையும் கூப்பிடுகிற பெயராக நிலைத்துவிட்டது. ஆண் நர்ஸ் வந்தபோது அவரையும் 'பிரதர்' ஆக்கிவிட்டோம். எஞ்சினியரையோ வக்கீலையோ நாம் இப்படிக் குடும்ப உறவாக்கிக் கூப்பிடுவதில்லை. உறவாக்கப்பட்டவரிடம் கணக்குப் பேச முடியாது என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

தமிழ்ப் பற்றின் பேரில் நாம் கண்டுபிடித்த மாற்றுச் சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'செவிலி' சங்க அகப்பாடல்களில் வருகிற வளர்ப்புத் தாய். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியில் தேடிப் புறப்படுகிறவள் அவள்தான். அந்த மகளோ அவள் பெற்றவள் அல்ல. உரிமை இல்லாத தாய்மை என்பதற்கு நம் இலக்கியத்தில் இதைவிட நல்ல உருவகம் கிடைக்காது. 'நர்ஸ்' அந்நியச் சொல் என்று 'செவிலியர்' ஆக்கினோம். சம்பளம் கேட்கிற ஒரு தொழிலாளிக்குச் சங்ககாலத் தாய்மையைப் போர்த்திவிட்டோம். இலங்கைத் தமிழில் 'தாதி' என்கிறார்கள். அதுவும் வளர்ப்புத் தாயிடம் போய்த்தான் நிற்கிறது.

கத்தோலிக்க வரலாறு இன்னும் விசித்திரமானது. கன்னியர் பிரசவம் பார்க்கக்கூடாது என்று திருச்சபை நீண்ட காலம் தடுத்து வைத்திருந்தது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த பெண் இன்னொரு பெண்ணின் பேறுகால உடலைத் தொடுவது தகாதது என்பது அதன் தர்க்கம். பேறுகாலத் தீட்டு இந்துச் சாதிக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கிய ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் இந்தத் தடையை நீக்கச் சொல்லி ரோமிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். 1913-இல் இறந்தும் போனார். அவர் தூண்டுதலால் டாக்டரான ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையை நிறுவினார். தடை 1936-இல்தான் நீங்கியது. சபையின் ஆண்களிடமிருந்து பிரசவம் பார்க்கும் உரிமையை வாங்கவே பெண்களுக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது. இந்த அன்னா டெங்கலின் சபை நம் கதையில் இன்னொரு தரம் வரும்.

4

சுதந்திரத்துக்கு முந்தைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1946-இல் வந்த போர் குழு அறிக்கைப்படி, அன்றைய இந்தியா முழுவதற்கும் இருந்த நர்ஸுகள் சுமார் ஏழாயிரம் பேர். அதாவது 43,000 பேருக்கு ஒருவர். டாக்டர்களோ 6,300 பேருக்கு ஒருவர். நர்ஸைவிட டாக்டர் ஏழு மடங்கு அதிகம் இருந்த விசித்திரமான நாடு இது. தொட்டுப் பார்க்கிற வேலைக்கு ஆள் இல்லை, எழுதிக் கொடுக்கிற வேலைக்கு ஆள் உண்டு. நம் சாதி அமைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் புள்ளிவிவரம் உண்டா தெரியவில்லை. அதே 1946-இல்தான் வேலூரிலும் தில்லியிலும் நாட்டின் முதல் நர்ஸிங் பட்டப்படிப்புகள் தொடங்கின.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே போகணும் என்கிற எண்ணமும் மிஷன்காரர்களுக்குள்ளேயே இருந்தது. ஐடா ஸ்கடர் காரில் மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தது அதன் தொடக்கம். 1977-இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் வேலூர் கல்லூரி தொடங்கிய ரூசா என்கிற கிராம சுகாதார, சமூகப் பணித் திட்டம் வரை அந்தச் சரடு நீள்கிறது. உலக அளவிலும் அதே நெருக்கடி எழுந்தது. 1964-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய திருச்சபைப் பிரதிநிதிகள், குணமாக்குவது டாக்டரின் தனிச் சொத்து அல்ல, முழுச் சமூகத்தின் வேலை என்று பேசினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் பெருத்துக்கொண்டே போக, வாசலுக்கு வர முடியாத ஏழை அப்படியே கிடக்கிறான் என்பது அவர்களை உறுத்தியது. 1968-இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் உலகச் சுகாதார நிறுவனத்தோடு நடத்திய உரையாடல் 1978 அல்மா-ஆட்டா பிரகடனத்துக்கு வழியமைத்தவற்றில் ஒன்று.

அந்த உரையாடலில் முன்னுதாரணமாகக் காட்டப்பட்ட இடங்களில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடும் உண்டு. வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் அந்த வறண்ட பூமியில் வேலையைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற துணை நர்ஸுகளைக் கிராமங்களில் தங்க வைக்கும் முயற்சி சரியாக வரவில்லை. அப்புறம் அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித்துகள். பிரசவம், குழந்தை எடை, வயிற்றுப்போக்கு, தொழுநோய் எல்லாவற்றையும் அவர்கள் கையாண்டார்கள். ஆழ்துளைக் கிணறுகளைத் தலித் குடியிருப்புகளில் அமையும்படி பார்த்துக்கொண்டதால் மேல்சாதியார் அங்கே வந்து தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. 1909-இல் வெளியே நிறுத்தப்பட்ட மருத்துவச்சி, அறுபது வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு பெயரில் உள்ளே வந்தாள் என்று இதை வாசிக்கலாம். திருச்சபை மருத்துவத்தின் வரலாற்றில் மிகவும் ஜனநாயகமான கணம் இதுதான் என்பது என் கருத்து.

ஆனாலும் பழைய கேள்வி இங்கேயும் விடவில்லை. இந்தப் பெண்கள் நிரந்தரச் சம்பளக்காரர்கள் அல்லர். ஊருக்குச் செய்கிறவர்கள், தங்கள் பிழைப்பைச் சிறுகடன், சிறுதொழில் வழியாகப் பார்த்துக்கொண்டவர்கள். ஊர் அவர்களை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வாதிடலாம். ஜாம்கேடின் அளவில் அந்த வாதம் நிற்கவும் கூடும். அரசு அதை எடுத்துக்கொண்டபோது என்ன நடந்தது? 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 'ஆஷா' பணியாளர்களைக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கான பெண்கள், சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள். 2021-இல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபோது வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற பெண்களுக்கும் 'மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்' என்றே பெயர். சபையிலிருந்து அரசு கற்றுக்கொண்டது சமூக மருத்துவத்தை மட்டுமல்ல, ஊழியம் என்கிற கணக்கையும்தான். கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தன் ஆர்வம்' என்று போட்டுக்கொண்டது. கிராம சுகாதாரப் பணியாளர் அடியாளா, விடுதலையாளரா என்று டேவிட் வெர்னர் 1977-இல் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சம்பளச் சீட்டில் இருக்கிறது.

5

இந்த வரலாறு முழுக்க ஒரு இடத்தில் வந்து முட்டுகிறது என்றால் அது நீதிமன்றம்தான். சேவை செய்கிற ஆஸ்பத்திரி 'தொழில்' ஆகுமா? ஆகும் என்றால் அங்கே வேலை செய்கிறவர்கள் தொழிலாளர்கள், தகராறுச் சட்டம் அவர்களுக்கு உண்டு. ஆகாது என்றால் அவர்கள் நிர்வாகத்தின் கருணைக்கு உட்பட்டவர்கள். 1970-இல் சஃப்தர்ஜங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகாது என்றது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்டவற்றில் பாட்னாவின் குர்ஜி ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியும் ஒன்று. அன்னா டெங்கலின் சகோதரிகள் தொடங்கியது அது. பெண்கள் பிரசவம் பார்க்கும் உரிமைக்காக ரோமோடு போராடி வந்த ஒரு மரபின் ஆஸ்பத்திரி, தர்ம ஸ்தாபனம் என்ற காரணத்தால் தொழிற்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. வரலாறு இப்படியெல்லாம் முகத்தில் அறையும்.

1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைப் புரட்டிப்போட்டது. ஆஸ்பத்திரி, கல்லூரி, தர்ம ஸ்தாபனம் எதுவானாலும் முறையாக ஆள் வைத்து வேலை வாங்கினால் அது தொழில்தான். 1982-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிகளை மறுபடி வெளியே தள்ளப் பார்த்தது. அந்தத் திருத்தப் பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. 1987-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழக்கு. சிறுபான்மையினர் நிறுவனங்களை நடத்த அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தருகிற உரிமை, தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து விலக்குத் தராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மை உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது, அதிலும் இன்றைய நிலையில். ஆனால் அந்த உரிமை சிறுபான்மைச் சமூகத்தின் நிர்வாகிகளுடையதா, அதே சமூகத்தின் நர்ஸுக்கும் உரியதா என்ற கேள்வியை 'மதச்சார்பின்மை' என்கிற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது.

கதை அதோடு முடியவில்லை. 2011-இல் தொடங்கி கேரளத்தின் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள் அலையலையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது, பாண்டு எழுதி வாங்குவது, அடிமாட்டுச் சம்பளம் என்று குற்றச்சாட்டுகள் வந்தன. சபைகள் நடத்துகிற ஆஸ்பத்திரிகளிலும் போராட்டம் நடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. 2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது, மே 3 அன்று விமானத்திலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவினார்கள். கோவிட் காலத்தில் தமிழ்நாட்டரசு தற்காலிகமாக எடுத்த செவிலியர்கள் 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று அனுப்பப்பட்டு, 2023 ஜனவரியில் தெருவில் உட்கார்ந்தார்கள்.

கைதட்டிய அதே 2020-இல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 'தொழில்' என்பதன் விளக்கத்திலிருந்து அது தர்ம, சமூக, கொடைச் சேவையில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை விலக்குகிறது. 1982-இல் முடியாமல் போனது பெருமளவுக்கு இப்போது முடிந்திருக்கிறது. சேவை என்ற சொல் மறுபடி வேலியாக நடப்பட்டிருக்கிறது. இந்த வேலிக்குள் கோயில் அறக்கட்டளைகளும் ஆசிரம ஆஸ்பத்திரிகளும் வரக்கூடும், கிறிஸ்தவ நிறுவனங்களும் வரக்கூடும். மதங்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளாமல் ஒத்துப்போகிற அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

தொட்டுப் பராமரிக்கிற வேலைக்கு ஒரு மாண்பு உண்டு. சாதிச் சமூகத்தில் அதைக் கண்ணால் பார்க்க வைத்தது பெரும்பாலும் மிஷன் ஆஸ்பத்திரி. அதை யாரும் பறிக்க வேண்டாம். பறிக்க வேண்டியது, மாண்பைக் கொடுத்துக் கூலியைக் கழித்துக்கொள்கிற கணக்கை. 1893-இல் டெட்ராய்ட் நகரில் யாரோ எழுதி நைட்டிங்கேல் பெயரில் வழங்குகிற உறுதிமொழியை மாணவிகள் இன்றும் விளக்கேற்றிச் சொல்கிறார்கள். தூய வாழ்வு, டாக்டருக்கு விசுவாசம் எல்லாம் அந்த மூல வாசகத்தில் இருந்தன. எட்டு மணி நேர வேலை அதில் இல்லை.

1987 வழக்கில் நிர்வாகத்தை எதிர்த்து நின்ற தரப்பின் பெயரைத் தமிழில் சொன்னால், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊழியர் சங்கம். திருவிதாங்கூரில் விறகு சுமந்த அதே சொல், சபையில் மண்டியிட்ட அதே சொல், அங்கே ஒரு தீர்ப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நின்ற சட்டம் இப்போது இல்லை. சங்கம் என்கிற ஏற்பாடு இன்னும் இருக்கிறது.